வராவிட்டால் யார் கேட்பார்கள்? சென்னையில் முதுமைக்காலத் தோழமைக்கான வழிகள்: ஓர் ஒப்பீடு

சென்னையில் பணி ஓய்வு பெற்றவருக்கும் துணையை இழந்தவருக்கும் மற்றவர்கள் சொல்லும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்காமல் நாலு பேரோடு பழகுங்கள். அந்த நாலு பேர் எங்கே கிடைப்பார்கள், அவர்களிடம் போய்ச் சேர முழங்கால் ஒத்துழைக்குமா, மாதம் எவ்வளவு செலவாகும், ஐப்பசி மழையிலும் அது தொடருமா என்பதை யாரும் சொல்வதில்லை. பூங்கா நடை, கோயில், சங்கம், தொண்டு, கைப்பேசி, பிள்ளையின் வீடு, முதியோர் குடியிருப்பு, பகல்நேர மையம் என வழிகள் பல உள்ளன. ஒன்றின் இடத்தை இன்னொன்று அப்படியே நிரப்பிவிடாது. அறுபதைக் கடந்த ஒருவர், அல்லது அவருக்காக முடிவெடுக்க நேர்ந்த மகனோ மகளோ, இவற்றுள் எதில் நேரத்தையும் பணத்தையும் இடுவது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

கேள்வி மனநிறைவை மட்டும் பற்றியதன்று. உலகச் சுகாதார நிறுவனம் 2023 நவம்பரில் அமைத்த சமூக உறவுக்கான ஆணையம், 2025 ஜூன் இறுதியில் வெளியிட்ட அறிக்கையில், உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமை உணர்வால் பாதிக்கப்பட்டிருப்பதாகவும், ஆண்டுக்கு 8,71,000-க்கும் மேற்பட்ட மரணங்கள் அதனோடு தொடர்புடையவை என்றும் மதிப்பிட்டது. 'லான்செட்' மருத்துவ இதழ் மறதி நோய் குறித்து அமைத்த ஆணையம் 2024-இல் பட்டியலிட்ட, அந்நோய்க்கான, நம்மால் மாற்றக்கூடிய 14 காரணிகளுள் சமூகத் தொடர்பின்மையும் ஒன்று. நோயுற்றவர்கள் இயல்பாகவே வெளியே போவதைக் குறைத்துக்கொள்வார்கள் என்பதால், தனிமை நோயைத் தருகிறதா, நோய் தனிமையைத் தருகிறதா என்ற ஐயம் இவ்வகை ஆய்வுகள் எல்லாவற்றிலும் ஓரளவு இருக்கவே செய்யும். இரண்டும் ஒன்றையொன்று வளர்ப்பதாகக் கொள்வதே பொருத்தம். பேச ஆள் இல்லாதவர் மாத்திரையைத் தவறவிட்டால் நினைவூட்ட எவரும் இல்லை; நடை தள்ளாடத் தொடங்கியதை முதலில் கவனித்துச் சொல்லும் கண்களும் இல்லை; சமைப்பதும் உண்பதும் ஒருவருக்காக மட்டும் என்றாகும்போது இரவு உணவு இரண்டு பிஸ்கட்டாகச் சுருங்குவதைப் பல வீடுகளில் பார்க்கலாம்.

எந்த வகைத் தொடர்பு அதிகம் பயன் தருகிறது என்பதற்கு 2010-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு உதவுகிறது. அமெரிக்க உளவியல் அறிஞர் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட்டும் அவருடைய குழுவினரும் 148 ஆய்வுகளை, அவற்றில் இடம்பெற்ற 3,08,849 பேரின் தரவுகளோடு ஒன்றுசேர்த்து ஆராய்ந்தார்கள். வலுவான உறவுகள் உள்ளவர்கள் உயிர்பிழைத்திருக்கும் வாய்ப்பு சராசரியாக 50 சதவீதம் கூடுதலாக இருந்தது. இந்தச் சராசரி பலராலும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால் நம் முடிவுக்குப் பயன்படுவது அதற்குள் இருக்கும் வேறுபாடுதான். குடும்பம், நட்பு, அக்கம்பக்கம், அமைப்பு என்று பல வகை உறவுகளிலும் பொறுப்புகளிலும் கலந்திருப்பதைக் கொண்டு அளந்தபோது அந்த வாய்ப்பு 91 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. தனியாக வசிக்கிறாரா, பிறரோடு வசிக்கிறாரா என்பதை மட்டும் கொண்டு அளந்தபோது அது 19 சதவீதமாகக் குறைந்தது. ஒரே கூரையின் கீழ் ஆட்கள் இருப்பது, பலரும் நினைக்கும் அளவுக்குக் காப்பு அல்ல.

ஆகவே ஒவ்வொரு வழியையும் நான் ஒரே கேள்வியைக் கொண்டு எடை போடுகிறேன்: அங்கே ஒரு நாள் போகாவிட்டால் 'ஏன் வரவில்லை?' என்று கேட்க ஆள் உண்டா? அப்படிக் கேட்கும் இடத்தில்தான் ஒருவர் உறுப்பினராக இருக்கிறார். கேட்காத இடத்தில் அவர் வந்துபோகும் பார்வையாளர் மட்டுமே. இதற்கு அடுத்தபடியாக, அந்த இடம் வீட்டிலிருந்து பிறர் துணையின்றி எட்டக்கூடியதா என்பதையும் பார்க்க வேண்டும்.

பூங்காவும் கடற்கரையும்

செலவில்லாத வழிகளுள் முதலிடம் காலை நடைக்குத்தான். மயிலாப்பூர் லஸ் பகுதியின் நாகேஸ்வர ராவ் பூங்கா, தியாகராய நகரின் நடேசன் பூங்கா, கே.கே. நகரின் சிவன் பூங்கா, அண்ணா நகரின் கோபுரப் பூங்கா, மெரினா, பெசன்ட் நகர்க் கடற்கரை ஆகிய எங்கே போனாலும் ஆறு மணிக்குள் முதியவர்களின் குழுக்கள் கூடிவிடுகின்றன. (அமிர்தாஞ்சன வலி தைலத்தைத் தொடங்கிய நாகேஸ்வர ராவின் பெயரைத் தாங்கிய பூங்காவில் நகரத்தின் வலிக்கும் முழங்கால்கள் கூடுவது பொருத்தமாகத்தான் இருக்கிறது.) வாயிலில் அருகம்புல் சாறு விற்பவரிலிருந்து, நடை முடிந்து ஃபில்டர் காபிக்குப் போகும் கடைக்காரர் வரை, பெயர் சொல்லி அழைக்கும் ஒரு சிறு வட்டம் உருவாகிறது. நாள்தோறும் நிகழ்வது இதன் பெரும் பலம். வாரம் ஒருமுறை கூடும் அமைப்பில் ஒருவர் வராததை அறிய ஏழு நாட்கள் ஆகலாம்; நடைக் குழுவில் மறுநாளே கைப்பேசி ஒலிக்கும். உடலுக்கான பயனும் இதிலேயே அடங்கிவிடுகிறது. வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலியக்கமும், 65 வயதைக் கடந்தோருக்கு வாரத்தில் மூன்று நாளாவது உடலின் சமநிலையைக் காக்கும் பயிற்சியும் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. தனியாகச் செய்தால் பத்து நாளில் கைவிடக்கூடிய இதை, குழு இழுத்துப் பிடித்துச் செய்ய வைத்துவிடும்.

எனினும் பூங்காவுக்குப் போவதும் பூங்காக் குழுவில் சேர்வதும் ஒன்றல்ல. பல ஆண்டுகளாக ஒரே பெஞ்சில் அமர்பவர்களுக்கு அது ஏறத்தாழச் சொந்த வீட்டுத் திண்ணை. புதியவர் வந்து உட்கார்ந்தால் பேச்சு ஒரு கணம் நின்று, பிறகு அவரைச் சேர்க்காமலே தொடரும். இதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடுபவர்கள் உண்டு. ஒரே நேரத்துக்குப் போய், அவர்கள் சுற்றும் திசையிலேயே சுற்றி வந்தால் ஓரிரு மாதத்தில் இடம் கிடைத்துவிடும். எதிர்த்திசையில் வருபவரிடம் நாள்தோறும் புன்னகைக்கத்தான் முடியும். உடன் நடப்பவரிடம்தான் பேச்சு தொடங்கும். அதற்கும் தயங்குபவர்கள், யோகா, சிரிப்புப் பயிற்சி போன்ற, யாரும் வந்து வரிசையில் நிற்கக்கூடிய குழுக்களிலிருந்து தொடங்கலாம். நாகேஸ்வர ராவ் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஒலிபெருக்கி இல்லாமல் நடக்கும் சிறுவர்களின் கச்சேரி போன்ற நிகழ்ச்சிகளும் பேச்சுக்கு எளிய தொடக்கம் தருகின்றன.

குறைகள் இரண்டை மறைக்கக் கூடாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையின்போது பல நாட்கள் நடை நின்றுபோகும். பூங்காவை அடைவதற்கான தெருவிலேயே பெயர்ந்த நடைபாதைக் கற்களும், தேங்கிய நீரும், விடியற்காலை நாய்க் கூட்டமும் இருக்கின்றன. ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அதுவரை சேர்த்த உறவு வட்டம் முழுவதும் பல மாதங்களுக்குக் கைநழுவும். அதைவிடப் பெரிய குறை, இது பெரும்பாலும் ஆண்களின் உலகமாக இருப்பது. ஓய்வு பெற்ற கணவர் ஆறு மணிக்குப் பூங்காவில் இருக்கும்போது, அவருடைய மனைவி பேரனின் டிபன் டப்பாவைக் கட்டிக்கொண்டிருக்கிறார். சமையலறைக்கு ஓய்வு வயது இல்லாத வீட்டில், அந்தப் பெண்மணிக்கு ஏற்றது காலைப் பூங்கா அன்று, மாலை நேரம்தான்.

கோயில், தேவாலயம், பள்ளிவாசல்

அந்த மாலை நேரத்தைத்தான் வழிபாட்டிடங்கள் நிரப்புகின்றன. கபாலீசுவரர் கோயில் பிராகாரத்தில் பிரதோஷத்தன்று அமர்ந்திருக்கும் பெண்கள், பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணி ஆலயத்தின் நவநாள் வழிபாட்டுக்கு வருவோர், திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசலில் தொழுகை முடிந்து பேசிக்கொண்டு நடப்பவர்கள் ஆகியோருக்கு அந்த இடம் தரும் உறவை வேறு எந்த அமைப்பும் அவ்வளவு எளிதில் தந்துவிடாது. பிரதோஷம், கிருத்திகை, ஏகாதசி, மார்கழி பஜனை, பங்குனி அறுபத்து மூவர் என்று நாள்காட்டியே ஆளைத் திரும்பத் திரும்ப அழைக்கிறது. துணையை இழந்த பெண் தனியாகப் போய்வர, யாரும் புருவம் உயர்த்தாத இடமாகவும் இது இருக்கிறது.

ஆனால் தரிசனம் மட்டும் உறவாகிவிடாது. வரிசையில் நின்று, தீபாராதனை பார்த்து, திருநீறு பெற்றுத் திரும்புபவரை அடுத்த வாரம் எவரும் தேட மாட்டார்கள். கோயிலுக்குள் ஒரு குழுவைத் தேட வேண்டும்: திருப்புகழ் வகுப்பு, தேவாரப் பாராயணம், திருப்பாவைக் குழு, அன்னதானத்துக்குக் காய் நறுக்கும் அணி, திருக்கோயில்களைத் துப்புரவு செய்யும் உழவாரப் பணிக் குழு. பாட்டு வகுப்புக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. புதிய பாடலை மனனம் செய்வதும், மூச்சை அடக்கிப் பாடுவதும், அருகிலிருப்பவரின் குரலோடு இணைவதும் ஒரே மணி நேரத்தில் நிகழ்ந்துவிடுகின்றன. இந்த வழியின் எல்லையையும் சொல்ல வேண்டும். பெருமாள் கோயிலில் திவ்யப் பிரபந்தம் ஓதும் கோஷ்டி போன்ற சிலவற்றில் எல்லோரும் நின்றுவிட முடியாது. சில பாராயணக் குழுக்களில் வெளிப்படையான விதி எதுவும் இல்லாவிட்டாலும் சாதியும் தெருவும் சேர்ந்து எழுதாத விதியொன்றை வைத்திருக்கும். இறைநம்பிக்கை இல்லாதவரைப் பேச்சுத் துணைக்காகக் கோயிலுக்குப் போகச் சொல்வதும் முறையன்று. இந்த நகரத்தில் பகுத்தறிவுப் படிப்பகங்களும், கட்சிப் படிப்பகங்களும், வடசென்னைத் தெருமுனைகளின் கேரம் பலகைகளும் அவர்களுக்காகவே நெடுங்காலமாக இருந்துவந்திருக்கின்றன. பெரம்பூரிலோ வண்ணாரப்பேட்டையிலோ கேரம் பலகையைச் சுற்றி நிற்கும் முதியவர், விளையாட நாலாவது ஆள் தேவை என்பதாலேயே தேடப்படுகிறார். அமைதி காக்க வேண்டிய நூலகத்தில் அப்படித் தேட ஆள் இல்லை. கிளை நூலகத்தின் நாளிதழ் மேசையும், கோட்டூர்புரத்தின் அண்ணா நூற்றாண்டு நூலகமும் கூச்ச சுபாவம் உள்ளவர் வீட்டை விட்டு வெளியேறுவதற்கான நல்ல முதல் படிகள். அதற்கு மேல் அவற்றிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

ஓய்வூதியர் சங்கங்களைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. ரயில்வே, இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை, துறைமுகம், மின்வாரியம், தொலைத்தொடர்பு, வங்கி ஆகியவற்றில் பணியாற்றியவர்களுக்கு அவை இயல்பான இடம். அகவிலைப்படி நிலுவை, மருத்துவக் காப்பீடு என்று எப்போதும் ஏதேனும் வேலை இருக்கும். பொருளாளர் பதவியை ஏற்றுக்கொண்டவர் ஓய்வு பெறுவதற்கு முன்பு இருந்ததைவிட மும்முரமாக இருப்பார். ஆனால் ஆட்டோ ஓட்டியவருக்கும், தையல் கடை வைத்திருந்தவருக்கும், வீட்டு வேலை செய்த பெண்ணுக்கும் அப்படியொரு சங்கம் இல்லை. அடுக்ககக் குடியிருப்போர் சங்கமும் உறவு தரும்; தண்ணீர் லாரிக் கணக்குச் சண்டையும் சேர்த்தே தரும்.

தொண்டு: குறைவாக எண்ணப்படும் வழி

என் கணிப்பில், உடலில் ஓரளவு தெம்பு உள்ளவருக்கு மிகுந்த பயன் தருவதும், மிகக் குறைவாகத் தேர்ந்தெடுக்கப்படுவதும் இதுதான். நடைக் குழுவில் ஒருவர் வராவிட்டால் மற்றவர்கள் வருந்துவார்கள். பார்வையற்ற மாணவருக்குத் தேர்வு எழுதித் தர ஒப்புக்கொண்டவர் வராவிட்டால் அந்தத் தேர்வே நின்றுவிடும். 'நான் தேவைப்படுகிறேன்' என்ற உணர்வை இவ்வளவு திட்டவட்டமாகத் தரும் வேறு வழியை நான் அறியேன். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் முதியவர்களைத் தொடக்கப் பள்ளிகளில் வாரத்துக்கு 15 மணி நேரம் அளவில் குழந்தைகளுக்கு வாசிப்புக் கற்றுத்தர வைத்த 'எக்ஸ்பீரியன்ஸ் கோர்' திட்டத்தைப் பற்றிய ஆய்வுகளில், அவர்களுடைய உடல் நடமாட்டம் கூடியதும், தாம் நம்பக்கூடிய ஆட்களின் வட்டம் விரிந்ததும் பதிவாகியுள்ளன. உடற்பயிற்சி செய்யுங்கள் என்றால் வராதவர்கள்கூட, குழந்தைகள் காத்திருக்கிறார்கள் என்றால் மாடிப்படி ஏறி வந்தார்கள் என்பதே அதன் சாரம்.

சென்னையில் இதற்கான இடங்கள் பல. பார்வை மாற்றுத்திறனாளி மாணவர்கள் சொல்வதை எழுதுபவர்களுக்கும், பாடங்களைப் படித்து ஒலிப்பதிவு செய்து தருபவர்களுக்கும் தேர்வுப் பருவத்தில் எப்போதும் தட்டுப்பாடு உண்டு. சில தேர்வுகளில் எழுதுபவரின் கல்வித் தகுதிக்கு வரம்பு இருப்பதால் முன்பே கேட்டுத் தெளிவது நல்லது. மாநகராட்சிப் பள்ளி மாணவர்களுக்கு மாலையில் கணக்கும் ஆங்கிலமும் சொல்லித்தருவது, மருத்துவமனையில் நோயாளிகளின் உறவினருக்கு வழிகாட்டுவது, தெருவில் உள்ள படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு ஓய்வூதிய விண்ணப்பம் எழுதித் தருவது என்று பட்டியல் நீளும். கடைசியாகச் சொன்னதற்கு எந்த அமைப்பும் வேண்டாம். வாசலில் ஒரு நாற்காலி போதும். ஓய்வு பெற்ற அதிகாரிகள் இங்கே சறுக்குவது ஒரே இடத்தில்தான்: அலுவலகத்தில் உத்தரவிட்ட பழக்கத்தில், தொண்டு நிறுவனத்தையும் சீர்திருத்தப் புறப்பட்டுவிடுவார்கள். முதல் ஆறு மாதம் சொன்னதை மட்டும் செய்வேன் என்ற உறுதி அவர்களுக்கு வேண்டும்.

இதன் குறை, உடல் தளரும்போது முதலில் விடுபடுவதும் இதுவே என்பது. பேரப்பிள்ளையைப் பகல் முழுவதும் பார்த்துக்கொள்ளும் பாட்டியிடம் போய்த் தொண்டு செய்யச் சொல்வதும் கொடுமை. அவர் ஏற்கெனவே சம்பளமில்லாத முழுநேரப் பணியில் இருக்கிறார். அவருக்கு வேண்டியது கூடுதல் பொறுப்பல்ல, வாரத்தில் இரண்டு மாலை விடுப்பு.

கைப்பேசித் திரை

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் நம்பியிருப்பது வீடியோ அழைப்பை. அதன் அருமையை மறுப்பதற்கில்லை. பேத்தியின் முதல் அடியை ஆதம்பாக்கத்தில் இருந்து பார்க்க முடிகிறது. ஆனால் தனிமையைக் குறைக்கும் மருந்தாக அதை எவ்வளவு நம்பலாம் என்பது வேறு. பெருந்தொற்றுக் காலத்தில், 2020-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பாய்வு, முதியோரின் தனிமையை வீடியோ அழைப்புகள் குறைக்கின்றனவா என்று தேடியபோது தகுதியான ஆய்வுகள் மூன்றுதான் கிடைத்தன; அவற்றில் இருந்தவர்கள் 201 பேர், அனைவரும் முதியோர் இல்லங்களில் வசித்தவர்கள். தனிமை உணர்வில் வேறுபாடு மிகச் சிறிது அல்லது இல்லை என்றும், சான்றுகள் உறுதியற்றவை என்றும் அது முடித்தது. ஏற்கெனவே உள்ள உறவை வாடாமல் வைத்திருக்கத் திரை உதவும். வட்டத்தைப் புதிதாக உருவாக்க அதனால் இயலாது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் பூக்கள் குவிவதை உறவு என்று எண்ணி யாரும் ஏமாற வேண்டாம். ஒரு பயன் மட்டும் உண்டு: வழக்கமாக ஆறரைக்குப் பூ அனுப்புபவர் ஒன்பது மணிவரை அனுப்பாவிட்டால் யாரேனும் அழைக்கிறார்கள்.

ஆபத்து ஒன்றும் இந்த வழியில் மட்டும் கூடுதலாக இருக்கிறது. பேச்சுத் துணைக்கு ஏங்குபவரை மோசடிக்காரர்கள் எளிதில் கண்டுகொள்கிறார்கள். காவல்துறையினர்போல நடித்து, 'டிஜிட்டல் கைது' செய்திருப்பதாக மிரட்டி மணிக்கணக்கில் வீடியோ அழைப்பிலேயே பிடித்துவைத்துச் சேமிப்பைக் கறக்கிறார்கள். அப்படி நேர்ந்தால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் தாமதமின்றிப் புகார் செய்ய வேண்டும் என்பதைக் கைப்பேசி வாங்கித்தரும் பிள்ளையே சொல்லிக்கொடுப்பது நல்லது.

பிள்ளையின் வீடா, முதியோர் குடியிருப்பா?

அதிகப் பணமும் திரும்பப் பெற முடியாத முடிவும் தொடர்புடைய இடம் இது. மேற்கு மாம்பலத்திலோ பெரம்பூரிலோ முப்பது ஆண்டு வாழ்ந்த வீட்டை விற்றுவிட்டு, பழைய மாமல்லபுரம் சாலையில் மகன் வாங்கிய அடுக்ககத்தின் பதினெட்டாவது மாடிக்குப் போகும் பெற்றோர் நாளுக்கு நாள் கூடிவருகிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் இது நடக்கிறது; 'அப்பா இனித் தனியாக இருக்க வேண்டாம்.' ஆனால் மேலே சொன்ன ஆய்வுத் தொகுப்பில், உடன் வசிப்பதற்கான 19 சதவீதத்துக்கும் பல வகை உறவுகளுக்கான 91 சதவீதத்துக்குமான வேறுபாட்டை இங்கே நினைத்துப்பார்க்க வேண்டும். மகனும் மருமகளும் காலை எட்டு மணிக்குக் கிளம்பி இரவு எட்டு மணிக்குத் திரும்புகிறார்கள். பழைய தெருவில் கீரைக்கார அம்மா, இஸ்திரி போடுபவர், மருந்துக் கடைப் பையன், எதிர்வீட்டு மாமி என்று ஒரு நாளில் பத்துப் பேரோடு பேசியவர், இங்கே லிஃப்டில் தலையசைப்பவர்களைத் தவிர வேறு யாரையும் பார்ப்பதில்லை. பெரியவர் வீட்டில் பாதுகாப்பாக இருக்கிறார், வயிறார உண்கிறார், யாரிடமும் பேசவில்லை. பிரசவத்துக்கும் பேரன் வளர்ப்புக்கும் அமெரிக்கா சென்று ஆறு மாதம் தங்குவோரின் நிலையும் இதுவே. அங்கே கார் ஓட்டத் தெரியாதவருக்கு வாசற்படிதான் எல்லை.

இதனால் பிள்ளைகளோடு வாழ்வது தவறு என்று பொருள் கொள்ள வேண்டாம். இரவில் நெஞ்சு வலி வந்தால் அருகில் ஆள் இருப்பது உயிர் காக்கும். நான் சொல்வது, முடிந்தால் பெற்றோரின் பழைய பேட்டைக்குப் பிள்ளை நகர்ந்து வருவதே மேல் என்பது. அது முடியாதபோது, பழைய பேட்டையில் வாரம் இரு நாளாவது இருக்கும்படி ஏற்பாடு செய்யலாம் என்பது. மாநகரப் போக்குவரத்துக் கழகம் அறுபதைக் கடந்த சென்னைவாசிகளுக்கு மாதம் 10 இலவசப் பயண டோக்கன்கள் தருகிறது. சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணமே இல்லை. பேருந்துப் படியில் ஏற முடியாத நிலை வந்த பிறகு, மகன் மாதந்தோறும் ஒதுக்கும் ஆட்டோச் செலவு அவர் வாங்கித்தரும் பெரிய தொலைக்காட்சியைவிட அப்பாவின் உடல்நலத்துக்கு அதிகம் உதவும்.

முதியோருக்கென்றே கட்டப்படும் குடியிருப்புகள் கோயம்புத்தூரில் தொடங்கி இப்போது சென்னையின் தெற்கு, மேற்குப் புறநகர்களிலும் பெருகியுள்ளன. பொது உணவுக்கூடம்தான் அவற்றின் உண்மையான பலம். மூன்று வேளையும் ஒரே மேசையில் உண்பவர் ஒரு வேளை வராவிட்டால் கதவைத் தட்டுகிறார்கள். என் அளவுகோலில் இது முழு மதிப்பெண் பெறும். சாய்தளமும், குளியலறைக் கைப்பிடியும், அவசர மணியும் கூடுதல் நன்மைகள். மறுபுறம், வீட்டு விலைக்கு மேல் மாதப் பராமரிப்பும் உணவுக் கட்டணமும் ஆண்டுதோறும் உயரும். நடுத்தரக் குடும்பத்தின் ஓய்வூதியத்துக்கு அது எட்டுவது கடினம். ஒரே வயதினர் மட்டும் வாழும் இடத்தில் குழந்தைகளின் குரல் கேட்காது. மரணச் செய்தி அடிக்கடி கேட்கும். மறதி நோயோ படுத்த படுக்கையோ வந்தால் அங்கேயே தொடர்ந்து இருக்க அனுமதி உண்டா என்பதை எழுத்தில் பெற வேண்டும். விற்பனைப் பேச்சில் இந்தக் கேள்வி நழுவிப்போகும். வாங்குவதற்கு முன் ஓரிரு வாரம் விருந்தினராகத் தங்கி, உணவுக்கூடத்தில் யாரோடு உட்கார மனம் வருகிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுப்பதே விவேகம். எழுபதுக்குள் போகிறவர்கள் நட்பைப் பிடித்துக்கொள்கிறார்கள். எண்பதில், உடல் தளர்ந்தபின் கொண்டுபோய் விடப்படுகிறவர்களுக்கு அது கடினம்.

பகலில் தனியே விட முடியாதவருக்கும், அவரைப் பார்த்துக்கொள்ளும் துணைக்கும் பகல்நேர மையமே பொருத்தமானது. காலை கொண்டு விட்டு மாலை அழைத்து வரும் இந்த ஏற்பாட்டில் வீடும் கைவிட்டுப் போவதில்லை. தமிழ்நாடு அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் 'அன்புச்சோலை' என்ற பெயரில் இத்தகைய மையங்களை அறிவித்தது. தொண்டு நிறுவனங்கள் நடத்துபவையும் நகரில் உள்ளன. முதியோர் இல்லத்தோடு இதைக் குழப்பிக்கொண்டு, 'ஊர் என்ன சொல்லும்' என்று தயங்கும் குடும்பங்கள் அதிகம். மனைவிக்கு மறதி நோய் வந்த எண்பது வயதுக் கணவர், இரண்டு ஆண்டுகளில் தானும் எல்லா நட்பையும் இழந்துவிடுகிறார். மையம் அவருக்கும் சேர்த்துத்தான்.

எதைத் தேர்ந்தாலும் முதலில் செய்ய வேண்டியது

காது கேட்காதவருக்கு மேலே சொன்ன எந்த வழியும் பயன்படாது. கூட்டத்தில் பேச்சு பிடிபடாமல், தவறான இடத்தில் சிரித்துவிடுவோமோ என்று அஞ்சி, முதலில் குழுவின் ஓரத்துக்கும் பிறகு வீட்டுக்கும் ஒதுங்கிவிட்டவரைத்தான் குடும்பம் 'வரவர யாரோடும் பேசுவதில்லை' என்கிறது. லான்செட் ஆணையத்தின் பட்டியலில் செவித்திறன் இழப்பும் தனியே இடம்பெற்றுள்ளது. 2023-இல் வெளியான 'அச்சீவ்' ஆய்வில், மறதி நோய் வரும் அபாயம் கூடுதலாக இருந்த முதியவர்களுக்குக் காதுக் கருவியும் பயிற்சியும் அளித்தபோது, மூன்று ஆண்டுகளில் சிந்தனைத் திறன் குறையும் வேகம் 48 சதவீதம் மட்டுப்பட்டது. ஆய்வில் பங்கேற்ற எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது அந்தப் பயன் தெரியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கண்புரை, சிறுநீரை அடக்க முடியாமை, பொருந்தாத பல்செட் ஆகியவையும் இதே வேலையைத்தான் சத்தமில்லாமல் செய்கின்றன. கழிப்பறை எங்கே இருக்கிறது என்று தெரியாத இடத்துக்கு ஒரு பெண்மணி வர மறுத்தால் அது பிடிவாதம் அன்று. அரசுப் பொது மருத்துவமனையின் முதியோர் மருத்துவத் துறையும், கிண்டியில் 2024-இல் திறக்கப்பட்ட 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனையும் இவற்றையெல்லாம் ஒரே இடத்தில் பார்த்துக்கொள்ள உதவும்.

அதன் பிறகு தேர்வு அவ்வளவு கடினமானதன்று. அண்மையில் ஓய்வு பெற்ற, நடமாட்டம் உள்ள ஆணுக்குக் காலை நடையும், வாரத்தில் இரு நாள் பொறுப்புள்ள ஒரு தொண்டும் போதும், சங்கம் விருப்பம்போல. வீட்டுப் பொறுப்பு குறையாத பெண்ணுக்கு மாலைப் பாட்டு வகுப்போ பாராயணக் குழுவோ முதலிடம் பெற வேண்டும்; அந்த மாலைகளில் பேரனைப் பார்த்துக்கொள்வது மற்றவர்களின் பொறுப்பு என்று வீட்டில் முன்பே பேசி முடிவு செய்தால்தான் அது நடக்கும். தனியாக வசிப்பவர், நாள்தோறும் சந்திக்கும் ஒரு வட்டத்தைப் பக்கத்துத் தெருவிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். தொலைவில் இருக்கும் ஐந்து நண்பர்களைவிட, மாற்றுச் சாவி வைத்திருக்கும் ஒரு பக்கத்து வீட்டார் அவருக்கு முக்கியம். வசதி படைத்த தம்பதியர், இருவரும் திடமாக இருக்கும்போதே முதியோர் குடியிருப்பைப் பரிசீலிக்கலாம். எல்லோருக்கும் பொதுவாக, ஒரே வட்டத்தை மட்டும் நம்பாமல் வேறு வகையைச் சேர்ந்த இரண்டை வைத்துக்கொள்வது நல்லது. மழை ஒன்றை நிறுத்தினாலும் மற்றொன்று நடக்கும், ஒன்றில் மனத்தாங்கல் வந்தாலும் மற்றொன்றுக்குப் போகலாம். எந்தக் குழுவிலும் சீட்டு, முதலீடு, 'நிச்சய வருமானம்' என்று பேசத் தொடங்குபவரிடமிருந்து விலகி நிற்பதும் பொது விதியே.

எங்கும் போக மனமில்லை, உணவு இறங்கவில்லை, விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, இருந்து என்ன பயன் என்று ஒருவர் சொல்லத் தொடங்கினால், அவரைப் பூங்காவுக்கு அழைத்துக்கொண்டு போவது சிகிச்சை ஆகாது. அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மருத்துவரைப் பார்ப்பதே முதல் வேலை, குழுவில் சேர்வது அடுத்தது. யாரிடம் கேட்பது என்று தெரியாத குடும்பங்களும், தாமாகவே பேச விரும்பும் முதியவர்களும், மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற இலவச உதவி எண்ணை நாள்தோறும் காலை 8 முதல் இரவு 8 மணி வரை அழைக்கலாம்.